நாலு ஹோல்டர், நாலு சட்டை

ஜூன் 2, ஞாயிறு

கூரியரில் நான்காவது ஹோல்டரும் வந்துவிட்டது. இனிச் சாக்குச் சொல்ல முடியாது. வண்டியில் செல்போனை மாட்டி வைக்கும் ஹோல்டர்களில் பைக்குக்கு எது, சைக்கிளுக்கு எது என்று ஒரு வீடியோ போடப்போவதாக என் சேனலில் போன மாதமே சொல்லித் தொலைத்துவிட்டேன். பதினோராயிரம் பேர் பார்க்கிற சேனல். அதில் பாதிப் பேர் தூக்கம் வருவதற்காகப் பார்க்கிறார்கள் என்பது என் மனைவி கோகிலாவின் கருத்து.

பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஓட்டிப் பார்க்காமல் எதையும் நல்லது என்று சொல்கிற ஆள் இல்லை இந்தத் தெய்வசிகாமணி. ஆகவே விதி இதுதான்: ஒவ்வொரு ஹோல்டரும் பைக்கில் நூறு கிலோமீட்டர், சைக்கிளில் ஐம்பது. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றே இந்த நோட்டில் எழுத வேண்டும்.

அடையாளத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன். நண்டு: நான்கு கால், நான்கிலும் ஸ்பிரிங், போனின் மூலைகளைக் கவ்விப் பிடிக்கும். பூட்டு: போனுக்குத் தனி உறை போட்டு, வைத்துத் திருகினால் மாட்டிக்கொள்ளும். பை: ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. ரப்பர்: நான்கு மூலைக்கும் இழுத்து மாட்டுகிற வெறும் ரப்பர் பட்டை. பார்த்தாலே சிரிப்பு வருகிறது.

ஜூன் 6, வியாழன்

நண்டு, பைக்கில் 104 கி.மீ. ஒரு கையால் போனை வைக்கலாம், எடுக்கலாம். ஒண்டிப்புதூர் மேம்பாலத்தில் எழுபதில் போனேன், அசையவில்லை. சிக்னலில் நின்றால் லேசாக உதறல், அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

பூட்டு, 101 கி.மீ. போன் வண்டியோடு சேர்ந்து வளர்ந்தது போல நிற்கிறது. ஆனால் கழற்றிப் போட்டோ எடுத்தால் ஓரமெல்லாம் கலங்கல். இன்ஜினின் நடுக்கம் முழுக்க கேமராவுக்குள் இறங்குகிறது. அடியில் ரப்பர் வாஷர் போடாமல் பைக்கில் பூட்டைப் பயன்படுத்தக்கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

பை, 100 கி.மீ. வெயிலில் போன் தோசைக்கல்லாகச் சுட்டது, இரண்டு முறை தானே அணைந்தது. மழைக்கு மட்டும் நல்லது. ரப்பர், 102 கி.மீ. சாயங்காலம் முடித்தேன். எண்பதைத் தாண்டினால் போன் ஊஞ்சலாடுகிறது. பைக்கில் முதல் இடம் நண்டுக்கே. பைக் வேலை முடிந்தது.

ஜூன் 15, சனி

சைக்கிள். கோகிலாவின் தம்பி எங்கள் வீட்டில் விட்டுப்போன கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். பின் டயரில் காற்று நிற்கவில்லை. பஞ்சர் கடை பூட்டியிருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

சாரல். போகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

முட்டி வலி. போகவில்லை.

ஜூன் 20, வியாழன்

வீடியோ எங்கே என்று சேனலில் கேட்டு முப்பது பேர் எழுதியிருக்கிறார்கள். போகவில்லை.

ஜூன் 22, சனி

எங்கள் லேஅவுட்டுக்குள்ளேயே சிமென்ட் ரோட்டில் சைக்கிளை ஓட்டிப் படம் பிடித்தேன். நான்கு ஹோல்டரையும் மாற்றி மாற்றி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டை. வெவ்வேறு நாள் மாதிரித் தெரிய வேண்டும் அல்லவா?

கோகிலா கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, சைக்கிள் ஓட்டறதுக்கு எதுக்கு நாலு சட்டை? நாளைக்கு நான்தான தொவைக்கோணும்" என்றாள்.

"வேர்த்துருச்சு" என்றேன்.

மொத்தம் 4 கி.மீ. நான்கும் நின்றன. பைக்கில் இன்ஜின் அந்த உதறு உதறியும் நிற்கிறது, இன்ஜினே இல்லாத சைக்கிளில் நிற்காதா?

ஜூன் 23, ஞாயிறு

வீடியோ போட்டாயிற்று. பதினான்கு நிமிடம். "ஒவ்வொண்ணையும் பைக்ல நூறு கிலோமீட்டர், சைக்கிள்ல அம்பது கிலோமீட்டர் நானே ஓட்டிப் பாத்துட்டேன். ரெண்டுக்குமே நண்டுதான் பெஸ்ட்." சொல்லும்போது 'அம்பது' என்ற இடத்தில் நாக்கு ஒரு நொடி நின்றது. எடிட்டிங்கில் அந்த நொடியை வெட்டிவிட்டேன்.

ரப்பரை இட்லித் துணி என்று கிண்டல் செய்த இடம் நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

நாற்பத்தோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்! மத்தியானம் சின்னவேடம்பட்டியில் ருக்குமணி அக்கா வீட்டில் சாப்பாடு. அக்கா வீட்டுக்காரர் மாரப்பன் மாமா வீடியோவை இரண்டு முறை பார்த்திருக்கிறார்.

மாமா முப்பத்தாறு வருடம் டூல் ரூமில் லேத் ஓட்டும் டர்னராக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகும் வாரம் மூன்று நாள் கணபதியில் நண்பரின் லேத் பட்டறைக்குப் போவார், அளவு தப்பாமல் வேண்டிய வேலை இருந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது முதல் தினமும் காலையில் சைக்கிள் ஓட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நாடித் துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக்கூடாது. கையில் கட்டியிருக்கும் பட்டை அதைப் போனுக்கு அனுப்பும். அதனால் போன் கண் முன்னால் இருக்க வேண்டும்.

நண்டை அவருக்கே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு காலையும் விரித்து விட்டுப் பார்த்தார்.

"ஸ்பிரிங் கொஞ்சம் எளக்கமா இருக்குதுங்களே மாப்ள. சைக்கிள்ல நல்லா ஓட்டிப் பாத்தீங்களா?"

"அம்பது கிலோமீட்டர் மாமா."

"அப்பச் செரி" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஸ்குரூ முறுக்கும் அல்லன் கீயை எடுத்துவந்து அவரே சைக்கிளில் மாட்டினார். முறுக்கி, கையை எடுத்து, மறுபடி கால் சுற்று முறுக்கினார்.

அக்கா வைத்த வெள்ளாட்டுக் குழம்பு அருமை. எனக்குத்தான் ஏனோ ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

மாமா சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டார். இடது காறை எலும்பு முறிவு. காலேஜ் ரோட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன வேகத்தடை போட்டிருக்கிற இடம். போன் கழன்று எகிறியிருக்கிறது, அதைப் பிடிக்கக் கையை நீட்டியிருக்கிறார்.

ஆபரேஷன் வேண்டாம், ஆறு வாரம் கட்டோடு இருந்தால் கூடிவிடும் என்றார்கள். கட்டிலில் கையை மார்போடு சேர்த்துக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அக்கா அழுதுகொண்டிருந்தாள். மாமா என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார்.

"ஸ்குரூவ நான்தான் செரியா முறுக்கல போல மாப்ள. நீங்க அத்தன தூரம் ஓட்டிப் பாத்துக் குடுத்த சாமான். என்ற கைதான் கோளாறு."

"இருக்கலாம் மாமா" என்றேன்.

'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன். 'ஆமாம்' என்று சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மாமாவின் சைக்கிளை எடுத்துவரப் போனேன். விழுந்த இடத்துக்கு எதிரில் இருந்த பேக்கரியில் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். பேக்கரிக்காரர் பார்த்திருக்கிறார். "மேட்டுல ஏறி எறங்கறப்ப போனு அப்புடியே அந்தரத்துல எகிறுச்சுங்க. பெரியவரு மெதுவாத்தான் வந்தாரு, அவரு மேல ஒண்ணும் தப்பில்லீங்க" என்றார்.

ஹோல்டர் ஹேண்டில்பாரில்தான் இருந்தது. கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்தால் அக்காவுக்கு மனசு சங்கடப்படும். சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 11, வியாழன்

தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

மாமாவைப் பார்க்கப் போனேன். பெங்களூரில் இருக்கும் அவர் பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான், ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது. சைக்கிளை விற்றுவிடச் சொல்கிறான். "ஒரு ஸ்குரூ செரியா முறுக்க முடியல, இன்னும் லேத்துல நின்னு எதுக்குப்பா விரலக் குடுக்கோணும்?" என்றான். அன்பாகத்தான் சொன்னான். மாமா "செரி சாமி, செரி" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். "மாப்ள, சைக்கிள் எடுக்கப் போனப்ப ஸ்குரூ எப்படி இருந்துச்சுங்க? லூசா இருந்துதுங்களா?"

"கவனிக்கல மாமா."

"நீங்களே கவனிக்கலீங்களா?"

அக்கா காபி கொண்டுவந்தாள். நல்லவேளை.

ஜூலை 21, ஞாயிறு

ஞாயிறுதோறும் போகிறேன். போகாமல் இருக்க முடியவில்லை, போய் உட்காரவும் முடியவில்லை.

அக்கா சமையற்கட்டில் குரலைத் தணித்துச் சொன்னாள். "பட்டறைல இருந்து ரெண்டு வாட்டி கூப்பிட்டாங்க தம்பி. வேல செய்ய வேண்டாம், வந்து பசங்க வெக்கற அளவ மட்டும் பாத்துச் சொல்லுங்கன்னாங்க. வரமாட்டேன்னுட்டாரு. என்ற கைய நம்பி இனி யாரும் இரும்பக் குடுக்க வேண்டாங்கறாரு. கேஸ் ரெகுலேட்டர மூணு தடவ திருகிப் பாக்கறாரு கண்ணு. அப்பறம் என்னையக் கூப்பிட்டு, ருக்கு, நீ ஒருக்கா பாருங்கறாரு."

ஜூலை 23, செவ்வாய்

வீடியோவின் கீழே திருப்பூரில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: 'சார், நண்டு வாங்கி சைக்கிளில் மாட்டினேன், வேகத்தடையில் போன் தெறித்துவிட்டது. உங்களுக்கு அப்படி ஆகவில்லையா?'

அதை அழித்துவிட்டேன்.

அழித்துவிட்டு, மேலே எழுதியிருந்த எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். ஜூலை 10-இல் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். இந்த நோட்டிலாவது இருக்கட்டும். ஹோல்டரைக் கையால் திருகிப் பார்த்தேன், மயிரிழை கூட அசையவில்லை. பேக்கரிக்குப் பக்கத்தில் இருந்த மெக்கானிக்கிடம் அல்லன் கீ வாங்கி, அழுத்தித் திருகித்தான் கழற்ற முடிந்தது. ஸ்குரூ இறுக்கமாக இருந்தது. அவர் கை முறுக்கியது முறுக்கியபடியே இருந்தது. அக்காவின் மனசுக்காக நான் அதைப் பையில் போடவில்லை. வேறு யாராவது அதைத் தொட்டுப் பார்த்துவிடக்கூடாது என்றுதான் போட்டேன்.

கூசுகிறது. எழுதுகிற கையே கூசுகிறது.

ஜூலை 27, சனி

அக்கா வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர் கழன்று தொங்கியது. மாமாவுக்கு இடது கையில்தான் கட்டு இருக்கிறது, வலது கை நன்றாகவே இருக்கிறது. டூல் பாக்ஸைத் திறந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"நீங்க முறுக்குங்க மாப்ள. நீங்க முறுக்குனாத்தான் தைரியமா இருக்கும்."

முறுக்கினேன். இரண்டு ஸ்குரூ. என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

இன்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்தேன். நண்டை மாட்டி, என் போனை வைத்து, அது விழாமல் இருக்க ஒரு கயிற்றால் ஹேண்டிலில் கட்டினேன். மாமா போகிற அதே காலேஜ் ரோடு. ஆறு சின்ன மேடு. மூன்றாவதில் ஒரு கால் விரிந்தது. ஐந்தாவதில் போன் எகிறிக் கயிற்றில் தொங்கியது.

ஐம்பது கிலோமீட்டர் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டில் இருந்து ஆறு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்.

காரணம் எளிமையானது. பைக்குக்கு முன்னால் ஷாக் அப்சார்பர் இருக்கிறது, மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும், மிச்சம் இருப்பது இன்ஜினின் நடுக்கம் மட்டும். சைக்கிளில் நடுக்கம் இல்லை, ஆனால் ஒவ்வொரு குலுக்கலும் நேராக ஹேண்டிலுக்கு வருகிறது. அந்த ஒரு குலுக்கலுக்கு ஸ்பிரிங் வாயைத் திறந்துவிடுகிறது. பத்தொன்பது வருடம் தரச் சோதனையில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மாமா கையில் வாங்கிய உடனேயே ஸ்பிரிங் இளக்கம் என்றாரே!

பிறகு ரப்பரை மாட்டி அதே ஆறு மேட்டில் பத்து முறை போய்வந்தேன். போன் அசையவில்லை. நான் இட்லித் துணி என்று கிண்டல் செய்த ரப்பர்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தினமும் வேலைக்குப் போவதற்கு முன் ஓட்டுகிறேன். ரப்பர் 50 கி.மீ. முடிந்தது. பூட்டு 22. எல்லாவற்றையும் முழுதாக முடித்துவிட்டு, விவரத்தோடு போய்ச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

கோகிலா வாசலில் வழிமறித்தாள். "யாருக்குங்க இத்தன ஓட்டறீங்க? உங்க பேக்ல அந்த ஹோல்டரப் பாத்தே இருவது நாளாச்சு. நாலு சட்டையும் நான்தான் தொவைச்சேன், எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியவரு சின்னவேடம்பட்டில ஒக்காந்துட்டிருக்காரு. சைக்கிள் ஓட்டுனாத் தீருமா இது?"

நான் அவளைத் திட்டினேன். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. மாமா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், டிவி போடவில்லை. நண்டை எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன். அக்காவையும் உட்காரச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"மாமா, ஸ்குரூ இறுக்கமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கையில திருகிப் பாத்தேன், அசையல. அல்லன் கீ வெச்சு அழுத்தித்தான் கழட்டுனேன். தப்பு ஹோல்டர்ல. ஸ்பிரிங் தொறந்துக்குது. நான் இத சைக்கிள்ல அம்பது கிலோமீட்டர் ஓட்டவே இல்ல மாமா. வீட்டுக்கு முன்னால ஒரு கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பொய் சொன்னேன். வீடியோவுலயும் பொய், உங்ககிட்டயும் பொய்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வலது கையால் நண்டை எடுத்தார். ஒரு காலைக் கட்டை விரலால் விரித்து விட்டார், மறுபடியும் விரித்து விட்டார். அடுத்த காலையும் அப்படியே செய்தார்.

"எப்பங்க பாத்தீங்க? ஸ்குரூவ?"

"விழுந்த மறுநா."

"இருவத்தஞ்சு நாளு" என்றார். "இருவத்தஞ்சு நாளா இந்தக் கைய வெச்சு நான் ஒரு குழாயத் தைரியமா மூடல. ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு இந்தக் கையவே பாத்துட்டிருந்தேன். முப்பத்தாறு வருசம் வெச்ச அளவெல்லாம் செரியா இருந்துச்சான்னு யோசன ஓடுச்சு. ஒரு வார்த்த. ஸ்குரூ டைட்டா இருந்துச்சு மாமான்னு ஒரு வார்த்த. பொய்யச் சொன்னதக் கூடச் சொல்ல வேண்டாம், அத மட்டும் சொல்லியிருக்கலாமே."

"தப்புத்தான் மாமா."

அக்காதான் கத்தினாள். என்னைப் பெயர் சொல்லி, பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்துக் கத்தினாள். எல்லாம் நியாயமான பேச்சு. இங்கே எழுத மனம் வரவில்லை. மாமா கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். கோபமாகத் தெரியவில்லை அவர். ஏதோ ஒன்றை அளந்து பார்ப்பவர் போல என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஒண்ணு கேக்கோணுங்க" என்றார். "கம்பெனில பம்ப்பு ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடறீங்களே. அதுவும் இப்படித்தானுங்களா?"

"இல்ல மாமா. சத்தியமா இல்ல. ஒரு பம்ப்பக் கூட ஓட்டிப் பாக்காம நான் கையெழுத்துப் போட்டதில்ல."

அது உண்மை. பத்தொன்பது வருடத்தில் ஒரு முறை கூட இல்லை. அதை உண்மை என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். என் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

"செரிங்க" என்றார் மாமா. நம்பவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. மாப்ள என்று கூப்பிடவும் இல்லை.

சாப்பிட யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பழைய வீடியோவை எடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி பேசி, வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே போட்டேன். பைக்குக்கு நண்டு, சைக்கிளுக்கு ரப்பர், அழித்த கமென்ட், நாலு சட்டை, எல்லாம். ஆறு நிமிடம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் அக்கா கோகிலாவுக்குப் போன் செய்திருக்கிறாள். மாமா கட்டுப் போட்ட கையோடு ஏழு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டாராம். என்னைக் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றாளாம். கோகிலா சொன்னதும் தலையாட்டினேன். மாமா பட்டறைக்குப் போனது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு கேட்க வாயில்லை.

புது வீடியோவின் கீழே முந்நூறு பேர் திட்டியிருக்கிறார்கள். ஒன்றையும் அழிக்கவில்லை. 'இனிமேல் இவன் சொல்ற எதையும் நம்பாதீங்க' என்று ஒருவர். சரியாகத்தான் சொல்கிறார்.

கம்பெனியில் இன்று ஏழு பம்ப் டெஸ்டிங்குக்கு வந்தன. ஏழையும் ஓட்டி, அளவு குறித்து, பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட வரவில்லை. மறுபடி ஒவ்வொன்றாக ஏற்றி ஓட்டினேன். முதல் தடவை வந்த அதே அளவுதான் ஏழுக்கும் வந்தது. அப்புறமும் பக்கத்து மேசை அமுதவல்லியைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ ஒருக்கா பாத்துச் சொல்லு" என்றேன்.